பழைய ஃபைபர் படகு வாங்கும் முன்: அறிகுறியைப் பார்த்துக் குறையைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

பழைய படகைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் நேராக எஞ்சின் அருகே போய் நிற்கிறார்கள். பழுதுபார்க்க வரும் படகுகளைத் தொடர்ந்து பிரித்துப் பார்த்தவன் என்ற முறையில், அந்த வரிசையை மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். எஞ்சின் எவ்வளவு கெட்டிருந்தாலும் அதற்கு ஒரு செலவுக் கணக்குச் சொல்ல முடியும். கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டவும் முடியும். ஆனால் ஃபைபர் படலத்துக்குள் மறைந்திருக்கும் பலகையில் நீர் இறங்கிவிட்டால், அறுத்துத் திறக்கும் வரை செலவு எவ்வளவு என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகவே இங்கே முதலில் படகின் உடல், அதன் பிறகு எஞ்சின், கடைசியில் நீரில் ஓட்டிப் பார்ப்பது என்ற வரிசையைப் பின்பற்றியிருக்கிறேன்.

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை மூன்று. நாம் வந்து சேரும் வரை எஞ்சினை இயக்கக் கூடாது. பில்ஜ் எனப்படும் அடிக்குழியைக் கழுவித் துடைத்து வைக்கவும் கூடாது. படகு தரையில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். ஒரு டார்ச், சிறிய கைக்கண்ணாடி, பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர், மல்ட்டிமீட்டர், வெள்ளைத் துணி, மூடியுள்ள கண்ணாடிப் புட்டி ஆகியவை போதும். எந்தத் திருகைத் தளர்த்துவதாக இருந்தாலும் உரிமையாளரின் அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் அதையும் ஓர் அறிகுறியாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

## தளத்தில் நடக்கும்போது காலடி அமுங்குகிறது

தளத்தின் மேலும் கீழும் ஃபைபர் படலம் இருக்க, நடுவில் பிளைவுட்டோ பால்சா மரமோ வைத்திருப்பார்கள். குதிகாலால் அழுத்தி, ஒரு சாண் இடைவெளியில் தளம் முழுவதும் நடந்து பாருங்கள். இருக்கையின் காலடி, கைப்பிடித் தூண்கள், கயிறு கட்டும் கொக்கிகள் என எங்கெல்லாம் திருகு இறங்கியிருக்கிறதோ, அங்கெல்லாம் கூடுதல் கவனம் வேண்டும். நீர் உள்ளே போகும் வழி பெரும்பாலும் திருகுத் துளைதான்.

அமுங்கும் இடம் கிடைத்ததும் ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் தட்டிக்கொண்டே அதைச் சுற்றி நகருங்கள். நல்ல இடத்தில் ஓசை கூர்மையாகவும் குறுகியதாகவும் எழும். நீர் இறங்கிய இடத்திலும் படலம் பிரிந்த இடத்திலும் அது மந்தமாக அடங்கிப்போகும். ஓசை மாறும் எல்லையைச் சுண்ணக்கட்டியால் கோடிட்டுக்கொண்டே சென்றால், கெட்ட பகுதியின் பரப்பு கண்முன் வரைபடமாகத் தெரியும்.

மிக எளிய காரணம், ஒரு மூடியைச் சுற்றியுள்ள பலகையின் ஓரம் மட்டும் நனைந்திருப்பது. ஓரிரண்டு கையகல அளவுக்குள் அது அடங்கினால், மேற்படலத்தை வெட்டி, பலகையை மாற்றி, எபாக்சி பிசின் இட்டு மூடிவிடலாம். அடுத்த நிலை, தளப் பலகை பரவலாகக் கெட்டிருப்பது. இதற்கு உழைப்பு அதிகம், ஆனாலும் செய்யக்கூடிய வேலை. தளத்தைத் தாங்கும் நெடுக்குச் சட்டங்களே உளுத்திருப்பதுதான் செலவு மிகுந்த நிலை. பில்ஜ் மூடியைத் திறந்து, சட்டத்தின் பக்கவாட்டிலும் அதே பிடியால் தட்டிப் பாருங்கள். எஞ்சின் சட்டத்தின் மேல் அமரும் வகைப் படகாக இருந்து, அதைத் தாங்கும் போல்ட்டுகளை இறுக்க முயலும்போது அவை பிடிக்காமல் சுழன்றால், அங்கேயே நிறுத்திக்கொண்டு, படகின் நிலையைத் தொழில்முறையில் பரிசோதிக்கும் படகு சர்வேயரை அழைக்க வேண்டும்.

## பின்பலகையில் கசிவுக் கறையோ அசைவோ தெரிகிறது

படகின் பின்புறம் வெளியே மாட்டப்படும் அவுட்போர்டு எஞ்சின் தொங்கும் பின்பலகைக்கு நான் மற்ற எதற்கும் கொடுக்காத நேரத்தைக் கொடுப்பேன். எஞ்சினின் எடை, அதன் உந்துவிசை, அலையில் படகு குதிக்கும்போது விழும் அடி ஆகிய அனைத்தையும் வாங்குவது இந்த ஒரு பலகைதான். வெளியே ஃபைபரும் அதன் மேற்பூச்சான ஜெல்கோட்டும் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருக்கும் பிளைவுட் மட்கிப் போயிருக்கக்கூடும்.

### துளைகளின் கீழே பழுப்புக் கறை

எஞ்சின் போல்ட்டுகள், வடிகால் அடைப்பானின் குழாய், ஆழமானியின் உணர்கருவியைப் பிடித்திருக்கும் சிறு திருகுகள் ஆகியவற்றின் கீழே தேநீர் வழிந்ததுபோன்ற பழுப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அது மரச்சாறு கலந்த நீர். கறை இல்லாவிட்டாலும், நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஒரு சிறு திருகை அனுமதியுடன் கழற்றிப் பாருங்கள். திருகின் புரிகளில் உலர்ந்த, வெளிர் நிற மரத்தூள் ஒட்டியிருந்தால் நல்லது. கறுத்த, ஈரமான, விரலால் நசுக்கினால் குழையும் தூள் வந்தாலோ துளையிலிருந்து நீர் சொட்டினாலோ, பலகை நனைந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. திருகைத் திரும்பப் பொருத்தும்போது கடலுக்குரிய சீலன்ட் இட்டு மூடிவிடுவது நம் கடமை.

### எஞ்சினை அசைத்தால் பலகையும் அசைகிறது

எஞ்சினை ஓரளவு மேலே தூக்கி நிறுத்துங்கள். அதன் கால்பகுதியின் அடியைப் பிடித்து, உடல் எடையைச் செலுத்தி மேலும் கீழுமாக அழுத்துங்கள். அப்போது மற்றொருவர், எஞ்சினின் பிடிப்புச் சட்டமும் பின்பலகையும் சேரும் விளிம்பையும், பின்பலகை பக்கச்சுவரைச் சந்திக்கும் மூலையையும் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். பிடிப்புச் சட்டத்தின் இணைப்புகளில் மட்டும் ஆட்டம் தெரிந்தால் அது எஞ்சினின் தேய்மானம். பலகையின் முகமே உள்ளே போய் வெளியே வந்தால், மூலையில் மயிரிழை விரிசல் திறந்து மூடினால், அல்லது போல்ட்டின் வாஷர் பலகைக்குள் புதைந்து பள்ளம் விட்டிருந்தால், உள்மரம் தன் வலுவை இழந்துவிட்டது.

போல்ட் தளர்ந்திருப்பதுதான் இதில் எளிய காரணம். இறுக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். ஒரு துளையைச் சுற்றி மட்டும் ஈரம் இருந்தால், உலர்த்தி எபாக்சி நிரப்பித் திரும்பத் துளையிடலாம். பலகை முழுவதும் கெட்டிருந்தால், எஞ்சினை இறக்கி, ஒரு பக்கப் படலத்தை அறுத்தெடுத்து, புதிய பலகையை ஒட்ட வேண்டும். நடுத்தர, சிறிய படகுகளில் இந்த வேலைக்கு ஆகும் செலவு படகின் உடலுக்குக் கேட்கப்படும் விலையையே தாண்டிவிடுவதுண்டு. விற்பவர் பெரிதாக விலையைக் குறைக்க முன்வந்தாலும், இந்தக் குறை உள்ள படகை வாங்கச் சொல்லி நான் யாருக்கும் பரிந்துரைத்ததில்லை.

## அடிப்பாகத்தில் கொப்புளங்கள்

நீண்ட காலம் நீரிலேயே கிடக்கும் ஃபைபர் படகுகளில் ஜெல்கோட்டின் வழியே ஊடுருவும் நீர், உள்ளே ஃபைபரைப் பிணைக்கும் ரெசின் என்ற பிசினில் உள்ள, நீரில் கரையக்கூடிய பொருள்களோடு சேர்ந்து அழுத்தத்தை உண்டாக்கிக் கொப்புளங்களை எழுப்பும். படகைத் தரையில் ஏற்றிய அன்றே இதைப் பார்க்க வேண்டும். சில நாள்கள் காய்ந்தால் கொப்புளங்கள் அமுங்கிவிடும். டார்ச்சை அடிப்பாகத்தின் மேல் கிடைமட்டமாகச் சாய்த்து ஒளியைப் பாய்ச்சினால் சிறிய மேடுகளும் நிழல்விட்டுத் தெரியும்.

பெயின்ட் மட்டும் உரிந்து எழும்பியிருப்பதும் உண்டு. நகத்தால் கீறினால் அடியில் ஜெல்கோட் கெடாமல் இருக்கும். சுரண்டிப் பூசினால் போதும். மெய்யான கொப்புளத்தைக் குத்தினால் வினிகர் போன்ற புளித்த வாடையுடன், விரலில் பிசுபிசுக்கும் நீர் வெளியேறும். அது அழுத்தத்துடன் பீச்சக்கூடியது என்பதால், கண்பாதுகாப்பு அணியாமல் குத்தாதீர்கள். ஆங்காங்கே சில கொப்புளங்கள் இருப்பது பேரம் பேசுவதற்கான காரணம் மட்டுமே. அடிப்பாகம் முழுவதும் நெருக்கமாக இருந்தால், ஜெல்கோட்டைச் சீவி எடுத்து, மாதக்கணக்கில் உலரவிட்டு, எபாக்சி அடுக்குகள் பூசும் வேலை காத்திருக்கிறது. ஈரமானி வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: தாமிரம் கலந்த பாசித்தடுப்புப் பெயின்டின் மேல் வைத்தால் அது பொய்யாக உயர்ந்த அளவைக் காட்டக்கூடும். பெயின்டைச் சுரண்டிய சிறு இடங்களில் வைத்தே அளக்க வேண்டும்.

## ஜெல்கோட்டில் விரிசல்கள்

விரிசல் ஓடும் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும். வெயில் படும் பகுதிகளில் திசையின்றிப் பரவிய மெல்லிய வலைப்பின்னல், வயதாலும் தடித்துப் பூசப்பட்ட ஜெல்கோட்டாலும் வருவது, தோற்றக்குறை மட்டுமே. ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல விரிந்தால் அங்கே ஏதோ மோதியிருக்கிறது. அதே இடத்தை உட்புறத்திலிருந்து பார்த்து, ஃபைபர் வெளுத்தோ பிளந்தோ இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். நெடுக்குச் சட்டம் அல்லது குறுக்குத் தடுப்பு உள்ளே அமைந்திருக்கும் கோட்டின்மேல் ஒன்றுக்கொன்று இணையாக விரிசல்கள் ஓடினால், அந்த உறுப்பு உடலிலிருந்து பிரிந்து, ஒவ்வோர் அலைக்கும் உடல் வளைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மூன்றாவது வகைக்குச் சர்வேயர் இல்லாமல் முடிவெடுக்காதீர்கள்.

மற்ற இடங்களிலிருந்து நிறம் சற்றே மாறுபட்ட ஒட்டுப் பெயின்டையும் இதே கண்ணோடு பாருங்கள். சாய்வாக நின்று பக்கச்சுவரின் பளபளப்பில் எதிரொளிக்கும் கோடு எங்கே நெளிகிறது என்று கவனித்தால், பழைய பழுது எதுவரை பரவியிருந்தது என்று புரியும்.

## பில்ஜில் நீர் நிற்கிறது

தரையில் இருக்கும் படகில் நிற்பது பெரும்பாலும் மழைநீர். மேல்மூடிகளின் ரப்பர் ஓரங்களைச் சோதித்தால் போதும். நீரில் மிதக்கும் படகாக இருந்தால், துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்து எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். வடிகால் அடைப்பானின் வாஷர், குழாய்க் கவ்விகள், உடலைத் துளைத்துச் செல்லும் வால்வுகள், புரொப்பல்லர் தண்டின் நீர்த்தடுப்பு என்பது தேடவேண்டிய வரிசை. கயிறு திணித்த பழைய வகை நீர்த்தடுப்பில், தண்டு சுழலும்போது நிமிடத்துக்குச் சில துளிகள் சொட்டுவது இயல்பே. தாரையாக ஒழுகினால் நட்டை இறுக்க வேண்டும். இறுக்கியும் நிற்காவிட்டால் தண்டே தேய்ந்திருக்கலாம்.

உடலைத் துளைக்கும் வால்வு ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பாருங்கள். கைக்கு அசையாத வால்வு அவசர நேரத்தில் இல்லாததற்குச் சமம். உலோகத்தைக் கத்தி நுனியால் இலேசாகச் சுரண்டும்போது பொன்னிறம் தெரிந்தால் நல்லது. செம்பைப் போன்ற இளஞ்சிவப்பு தெரிந்தால், உலோகக் கலவையிலிருந்த துத்தநாகம் கரைந்துபோய், மீதி நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது. அந்த வால்வை மாற்றாமல் படகை நீரில் இறக்கக் கூடாது.

## எஞ்சின் எளிதில் கிளம்பவில்லை

முதலில் எஞ்சினின் மேல் கை வைத்துப் பாருங்கள். வேண்டுகோளை மீறி அது முன்பே சூடாக்கப்பட்டிருந்தால், அதே நாளில் சோதனையைத் தொடர்வதில் பயனில்லை. தரையில் இயக்கும்போது, நீர் உறிஞ்சும் துளைகளில் குழாய்நீர்க் கவ்வியை மாட்டாமல் இயக்கவே கூடாது. வறண்ட நிலையில் சில நொடிகள் ஓடினாலே எஞ்சினைக் குளிர்விக்கும் நீரை இழுக்கும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் சேதமடையும்.

அவசர நிறுத்தக் கயிற்றின் கவ்வி சரியாக மாட்டியிருக்கிறதா, எரிபொருள் பம்பு பந்தை அழுத்தினால் இறுகுகிறதா என்று பார்த்துவிட்டு, பேட்டரிக்கு வாருங்கள். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியில் ஏறக்குறைய 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். எரிபொருள் மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்துச் சிறிது நேரம் வைத்தால் நீர் அடியில் தனிப்படலமாகத் தங்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் இது அடிக்கடி நேர்வது. இவையெல்லாம் சரியாக இருந்தும் திணறினால், மெக்கானிக்கை வைத்து எல்லாச் சிலிண்டர்களிலும் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். தனியொரு எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கிடையே உள்ள ஒற்றுமைதான் முக்கியம்; ஒன்று மற்றவற்றைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காரணம் தெரியும் வரை வாங்க வேண்டாம்.

## எஞ்சின் ஓடுகிறது, ஆனால் புகைகிறது

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் கிளம்பும்போது நீலப்புகை விடுவது இயல்பு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் தொடக்கத்தில் மட்டும் நீலம் தெரிந்து மறைந்தால், சாய்த்து வைத்திருந்ததில் ஆயில் சிலிண்டருக்குள் வழிந்திருக்கலாம். சூடான பிறகும் நிற்காவிட்டால் பிஸ்டன் வளையங்களோ வால்வுத் தடுப்புகளோ தேய்ந்துவிட்டன. டீசல் எஞ்சினில் கறுப்புப் புகை என்றால் முதலில் காற்று வடிகட்டியையும் பொருந்தாத புரொப்பல்லரையும், பிறகு இன்ஜெக்டர்களையும் சந்தேகியுங்கள். வெள்ளைப்புகை சூடேறிய பிறகும் தொடர்ந்து, ஆயில் அளவுகோலில் மோர் நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால், சிலிண்டர் தலைப்பின் கேஸ்கெட் வழியாகவோ விரிசல் வழியாகவோ நீர் ஆயிலில் கலக்கிறது. அந்த எஞ்சினுக்கு விலை எதுவும் போடாமல் உடலின் மதிப்பை மட்டும் கணக்கிடுங்கள்.

## எஞ்சினிலிருந்து பீச்சும் நீர் மெலிந்திருக்கிறது

எஞ்சினைக் குளிர்வித்த நீர் வெளியே பீச்சும் துளையில் உப்போ சேறோ அடைத்திருப்பதே அடிக்கடி காணும் காரணம். மீன்பிடி நரம்பைச் செலுத்தினால் சரியாகிவிடும். அதற்கு அடுத்தது இம்பெல்லர், ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய விலை குறைந்த பொருள். அதன்பின் எஞ்சினின் வெப்பத்தைச் சீராக வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட். இவற்றை மாற்றியும் எஞ்சின் சூடேறினால் உள்ளே நீர்வழிகள் உப்பால் இறுகிவிட்டன. தலைப்பைக் கழற்றும் வேலை என்பதால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

## கியர் ஆயில் பால் நிறத்தில் வருகிறது

இரவு முழுவதும் அசையாமல் நின்ற எஞ்சினில் கியர் பெட்டியின் அடித்திருகைச் சற்றே தளர்த்துங்கள். நீர் ஆயிலைவிடக் கனமானது என்பதால், இருந்தால் முதலில் அதுதான் வரும். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்து ஓடியிருக்கிறது. திருகின் வாஷர் பழையது என்பது எளிய காரணம். புரொப்பல்லரைக் கழற்றினால் தண்டைச் சுற்றி மீன்பிடி நரம்பு சுருண்டு தடுப்பு வளையத்தை அறுத்திருப்பது அடிக்கடி காணக்கூடிய காட்சி. வளையத்தை மாற்றினால் போதும். திருகின் காந்த நுனியில் மாவுபோன்ற சாம்பல் படிவு இயல்பே. நகத்தில் நிரடும் உலோகச் சில்லுகள் இருந்தால் பற்சக்கரங்கள் சிதைகின்றன. கியர் பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டிவரலாம்.

## பெட்ரோல் வாடை

வாடை வரும் படகில் எந்தச் சுவிட்சையும் போடாதீர்கள். பேட்டரி இணைப்பைத் தொடுவதற்கு முன் எல்லா மூடிகளையும் திறந்து காற்றாட விடுங்கள். பிறகு வெள்ளைத் துணியால் எரிபொருள் குழாயை நெடுகத் துடைத்து முகர்ந்து பாருங்கள். துணியில் வாடை ஏறினால் குழாயின் சுவரே ஊறிவிட்டது, மாற்றினால் தீரும். குழாய்கள் சுத்தமாக இருந்தும் வாடை நீங்காவிட்டால், தளத்துக்கு அடியில் நுரையில் புதைத்த அலுமினியத் தொட்டி அரித்திருக்கலாம். தளத்தை அறுக்காமல் அதை எடுக்க முடியாத படகுகளும் உள்ளன. தொட்டியின் அழுத்தச் சோதனை தொழிலறிஞர் செய்ய வேண்டியது.

## ஸ்டீயரிங் இறுகுகிறது, மின்கருவிகள் விட்டுவிட்டு வேலை செய்கின்றன

கேபிள் வகை ஸ்டீயரிங்கில் எஞ்சின் பக்கத்து முனையைப் பிரித்துவிட்டுத் திருப்புங்கள். அப்போது எளிதாகத் திரும்பினால் இறுக்கம் எஞ்சினின் சுழல்குழாயில், கிரீஸ் போட்டுப் பார்க்கலாம். இல்லையேல் கேபிளை மாற்ற வேண்டும். உப்பில் துருப்பிடித்த கேபிளுக்கு எண்ணெய் விட்டு உயிரூட்ட முயல்வது ஆபத்தானது.

மின்கம்பிகளில் ஒரு முனையைச் சீவிப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்தோ பச்சை படிந்தோ இருந்தால், அந்தக் கெடுதல் உறைக்குள் வெகுதூரம் ஓடியிருக்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வரவேண்டும்.

அரிப்பிலிருந்து காக்கும் ஆனோடு கட்டிகளையும் இப்போதே பாருங்கள். பாதி கரைந்திருப்பது பராமரிப்புக் கணக்கு மட்டுமே. நாள்பட்டும் துளிகூடக் கரையாமல் பளபளப்பாக இருந்தால் அது நல்ல செய்தி அல்ல. மேலே பெயின்ட் பூசியிருக்கலாம், அல்லது உலோகத்தோடு தொடர்பு அறுந்திருக்கலாம். எப்படியானாலும் அதன் வேலையை எஞ்சினின் உலோகமே செய்துகொண்டிருக்கிறது.

## நீரில் ஓட்டும்போது முழுச் சுழற்சி எட்டவில்லை

உற்பத்தியாளர் குறிப்பிட்ட உச்சச் சுழற்சி அளவு எஞ்சினின் கையேட்டில் இருக்கும். எட்டவில்லையென்றால் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும், வளைந்த இதழ், பொருந்தாத புரொப்பல்லர் என்று வரிசையாகப் பாருங்கள். புரொப்பல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேறக்கூடிய தூரம்) ஓர் அங்குலம் குறைந்தால் சுழற்சி நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 முதல் 200 வரை கூடும். மாறாக, சுழற்சி ஏறியும் வேகம் ஏறாவிட்டால், புரொப்பல்லரின் ரப்பர் நடுக்குழாய் நழுவுகிறது.

இவை எதுவும் இல்லாமலேயே படகு மந்தமாக எழும்பி, நிறுத்தியபின் ஒரு பக்கம் சாய்ந்தோ பின்புறம் தாழ்ந்தோ மிதந்தால், தளத்துக்கு அடியில் உள்ள மிதவை நுரை நீரை உறிஞ்சியிருக்கக்கூடும். அந்த நுரையைக் கண்ணால் பார்க்க வழியில்லை. ஆனால் படகை இழுவண்டியோடு எடைமேடையில் ஏற்றி, இழுவண்டியின் எடையையும் எஞ்சின், எரிபொருள், பேட்டரி ஆகியவற்றின் எடையையும் கழித்து, கையேட்டில் உள்ள வெற்றுடல் எடையோடு ஒப்பிடலாம். ஓரிருவர் உடல் எடைக்கு மேல் விளக்கமில்லாத வித்தியாசம் வந்தால், தளத்தில் சிறு துளையிட்டு நுரை மாதிரி எடுக்கச் சர்வேயரைக் கேளுங்கள். அதற்கு விற்பவர் உடன்படாவிட்டால் முன்பணத்தைக் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.